ஹாரி பாட்டர் கதையில் உங்களை அதிகம் யோசிக்க வைத்த முடிச்சு எது?

இரண்டாம் புத்தகத்தில் வரும் மர்ட்டில். (ஏழு புத்தகங்களையும் படிக்காதவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், கதை தெரிந்துவிடும்.)

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூரைப் புரட்டிப் போட்டது. மஞ்சக்குப்பத்தில் எங்கள் தெருவுக்குப் பல நாள் கரண்ட் வரவில்லை. பொழுது சாய்ந்ததும் விளக்கு வெளிச்சத்தில் ஆங்கிலப் புத்தகத்தைப் பார்த்து அக்கா மகளுக்குத் தமிழில் கதை சொல்வேன். ஹாக்வார்ட்ஸ் மந்திரப் பள்ளியின் ரகசிய அறை ஐம்பது வருடத்துக்கு முன்பு திறந்தபோது செத்துப்போன மாணவிதான் மர்ட்டில். ஆவியாகி, தான் செத்த கழிவறையிலேயே அழுதுகொண்டு கிடக்கிறாள். ரகசிய அறைக்கு வழியும் அங்கேயேதான் இருக்கிறது. நீ எப்படி இறந்தாய் என்று ஹாரி கேட்டதும் அவள் முகம் அப்படி மலர்ந்துபோகும். அந்த இடத்தில் பாப்பா என்னை நிறுத்தினாள். "மாமா, அம்பது வருஷமா யாருமே அவகிட்ட கேக்கலையா?"

அதைக் கதையில் விழுந்த ஓட்டை என்றே நான் அதுவரை நினைத்திருந்தேன். தலைமை ஆசிரியர் டம்பிள்டோருக்குக்கூடவா தோன்றாமல் போகும்? ஆனால் அழுமூஞ்சி என்று பள்ளியே ஒதுக்கிய பெண்ணிடம் யார் போய்க் கேட்பார்கள்? அதற்கப்புறம் ஏழு புத்தகங்களையும் இந்தக் கண்ணோடு திரும்பப் படித்தேன். யாரும் மதிக்காத ஒருவரிடம்தான் விடை இருக்கிறது, மறுபடி மறுபடி.

வில்லன் வோல்டமோர்ட் தன் ஆன்மாவின் ஒரு துண்டை ஒளித்துவைத்த லாக்கெட் விஷயத்தைப் பாருங்கள். 2005இல் வந்த ஆறாம் புத்தகம், அதை எடுத்துப் போனவர் 'ஆர்.ஏ.பி.' என்று கையெழுத்திட்டு வைத்த ஒரு சீட்டோடு முடிந்தது. யார் அது என்று வாசகர்கள் இரண்டு வருடம் மண்டையைப் பிய்த்துக்கொண்டார்கள். பிளாக் என்ற குடும்பப் பெயரை டச்சு மொழியில் மாற்றியிருந்ததால் அங்கே கடைசி எழுத்தும் மாறி, ஆள் யாரென்று காட்டிக்கொடுத்துவிட்டது! ஆள் ரெகுலஸ் பிளாக், ஹாரியின் ஞானத்தந்தை சிரியஸின் தம்பி. ஆனால் நடந்ததெல்லாம் கிரீச்சர் என்ற வீட்டு வேலைக்கார எல்ஃபுக்குத் தெரியும். லாக்கெட்டை ஒளித்த குகையில் அவனைச் சாக விட்டுவிட்டு வந்தவன் வோல்டமோர்ட். எல்ஃபுகளுக்கென்று தனி மந்திரம் உண்டு என்பதை அவன் ஒரு பொருட்டாகவே எண்ணவில்லை. சரி, அவன் கெட்டவன். நல்லவரான சிரியஸும் கிரீச்சரை ஒருநாளும் உட்காரவைத்துப் பேசியதில்லையே. அங்கேதான் எனக்கு மனசு கனத்தது.

மூன்றாம் புத்தகத்தில் வரும், காலத்தில் பின்னால் போக உதவும் கருவியைப் பலரும் பெரிய புதிராகச் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஐந்தாம் புத்தகத்தில் அந்தக் கருவிகளை உடைத்துத்தான் சிக்கலைத் தீர்க்க வேண்டியிருந்தது.

வீட்டில் ஐந்தாம் புத்தகம் இருந்தால் ஆறாம் அத்தியாயத்தை எடுத்துப் பாருங்கள். சிரியஸின் பழைய வீட்டைச் சுத்தம் செய்யும்போது குப்பையோடு குப்பையாக, யாராலும் திறக்க முடியாத ஒரு லாக்கெட் வரும். அரை வரிதான். அதே காட்சியில், தூக்கிப் போடும் சாமான்களை கிரீச்சர் ஒவ்வொன்றாக ஒளித்து எடுத்துப் போவான், சிரியஸ் அவனைத் திட்டுவார்.