அண்ணி கொடுத்த டப்பா

கேள்வி: எனக்கு வயது 39. ஆசிரியை. உயரம் 158 செ.மீ., எடை 74 கிலோ இருந்தது. இரவுச் சாப்பாட்டில் மட்டும் அளவு வைத்துக்கொள்ள முடியவில்லை. சட்டி காலியாகும்வரை சாப்பிட்டுவிடுகிறேன். என் நாத்தனார் வாட்ஸ்அப்பில் விற்கும் மூலிகைக் கேப்சூலை மூன்று வாரமாகத் தினமும் காலையில் ஒன்று போடுகிறேன். 30 கேப்சூல் 1,800 ரூபாய். ‘கொடம்புளி, கொள்ளு, திரிபலா, 100% இயற்கை’ என்று டப்பாவில் இருக்கிறது. மூன்றாம் நாளே பசி போய்விட்டது. நாலரை கிலோ குறைந்திருக்கிறது. ஆனால் நாக்கு வறண்டே இருக்கிறது, மலச்சிக்கல், ராத்திரி ஒரு மணிவரை தூக்கம் வருவதில்லை, மாடி ஏறினால் நெஞ்சு படபடவென்று அடிக்கிறது. ‘நச்சு வெளியேறுகிறது, போகப்போகச் சரியாகிவிடும்’ என்கிறார் அண்ணி. பிரஷர் உள்ள அவரே சாப்பிடுகிறாராம், ஒன்றும் ஆகவில்லையாம். தொடரலாமா? இது வேண்டாம் என்றால் பசியைக் குறைக்கும் வேறு நல்ல மாத்திரை சொல்லுங்களேன். வேண்டாம் என்று அண்ணியிடம் எப்படிச் சொல்வது?
- மன்னார்குடி வாசகி
(நீண்ட கடிதம், சுருக்கி வெளியிட்டிருக்கிறோம்.)

பதில்: நாளைக் காலை அந்தக் கேப்சூலைப் போட வேண்டாம். மற்றதெல்லாம் அப்புறம். ஆனால் டப்பாவைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். மீதிக் கேப்சூல்களோடு ஒரு கவரில் போட்டு வையுங்கள், தேவைப்படும். ஓரிரு நாளில் ஒரு டாக்டரைப் பார்த்து, பிரஷர், நாடித்துடிப்பு, ஈசிஜி மூன்றையும் பார்த்துவிடுங்கள். ரத்தத்தில் சர்க்கரை, தைராய்டு, கல்லீரல் பரிசோதனைகளும் செய்துவிடலாம். அதற்குள் நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், மயக்கம், ஒரு பக்கம் கை கால் மரத்துப்போவது என்று எது வந்தாலும் யோசிக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

மூன்று வாரம் சாப்பிட்ட மூலிகைக்கு இவ்வளவு கலவரமா என்று தோன்றும். நாக்கு வறட்சி, மலச்சிக்கல், தூக்கம் கெடுவது, படபடப்பு என்று வரிசையாக எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் எனக்கு ஒரு பழைய மருந்தின் ஞாபகம் வந்துவிட்டது. அதன் பெயர் சிபுட்ராமின். முதலில் மனச்சோர்வு நோய்க்காக ஆராய்ந்த மருந்து அது. அந்த நோய் குறையவில்லை, சாப்பிட்டவர்களுக்குப் பசி குறைந்தது. உடனே எடை குறைப்பு மாத்திரையாக்கிவிட்டார்கள். அமெரிக்காவில் 1997-இல் அனுமதி கிடைத்தது. இந்தியாவுக்கும் வந்தது. நானே சீட்டில் எழுதிக்கொடுத்திருக்கிறேன்.

ஒரு பெண்மணிக்கு, ஏறக்குறைய உங்கள் வயதுதான், 2005 வாக்கில் இதைக் கொடுத்தேன். இரண்டு மாதத்தில் ஐந்து கிலோ குறைந்து சந்தோஷமாக வந்தார். வழக்கம்போல் பிரஷர் பார்த்தால் 150-க்கு மேல். நிறுத்துங்கள் என்று சொல்ல அவர் என்னோடு சண்டை போட்டார். “பிரஷருக்கு ஒரு மாத்திரை கொடுத்துடுங்க டாக்டர், இதை நிறுத்தாதீங்க” என்று கெஞ்சினார். நான் மாதாமாதம் பிரஷர் பார்த்துக்கொண்டிருந்ததால் தெரிந்தது. வாட்ஸ்அப்பில் விற்பவர் பிரஷர் பார்ப்பதில்லை.

அந்த மருந்து மூளையில் இரண்டு ரசாயனங்களைத் தங்கவைத்து, ‘போதும், வயிறு நிறைந்துவிட்டது’ என்ற உணர்வைக் கொடுக்கும். அந்த இரண்டில் ஒன்றான நார்அட்ரினலின் இதயத்தையும் ரத்தக் குழாயையும் முடுக்கிவிடுகிற சரக்கு. பசி அடங்கும், துடிப்பு ஏறும். ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பிக் கொடுக்க முடியாது. இதயநோயோ சர்க்கரையோ உள்ள பத்தாயிரம் பேரைப் போல வைத்து நடந்த பெரிய ஆய்வில், மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை இந்த மாத்திரை சாப்பிட்டவர்களில் 11.4 சதவீதம் பேருக்கு வந்தன, ஒப்பிட்டுப் பார்க்க மருந்தே இல்லாத வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களில் 10 சதவீதம் பேருக்கு. 2010-இல் ஐரோப்பாவும் அமெரிக்காவும் நிறுத்தின, 2011-இல் இந்தியா தடை செய்தது.

கடையிலிருந்து போனதே தவிர, உலகத்தை விட்டுப் போகவில்லை. ‘மூலிகை’, ‘இயற்கை’ என்று லேபிள் ஒட்டிய எடை குறைப்புக் கேப்சூல்களையும் காபித் தூள்களையும் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எடுத்துச் சோதித்தபோது, திரும்பத் திரும்ப அதே சிபுட்ராமின்தான் உள்ளே இருந்தது. உங்கள் டப்பாவிலும் அதுதான் என்று சோதிக்காமல் நான் சொல்ல மாட்டேன். எனக்குச் சந்தேகம் வரக் காரணம் கொடம்புளிதான்.

கொடம்புளி நமக்குப் புதிதா? நாகர்கோவில் பக்கம் மீன் குழம்பில் கறுப்பாகச் சுருண்டு கிடக்குமே, அதுதான். அதிலுள்ள ஹைட்ராக்சி சிட்ரிக் அமிலம் பசியைக் குறைக்கும் என்று ஒரு காலத்தில் பெரிய பேச்சு. 1998-இல் நியூயார்க்கில் 135 பேரை வைத்து 12 வாரம் பார்த்தார்கள். எல்லோருக்கும் ஒரே மாதிரி உணவுக் கட்டுப்பாடு. கொடம்புளிச் சத்து சாப்பிட்டவர்கள் சராசரியாக 3.2 கிலோ குறைந்தார்கள். வெறும் மாத்திரை சாப்பிட்டவர்கள் 4.1 கிலோ! கொள்ளு நல்ல பொருள், ‘இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு’ என்பதெல்லாம் சரி, ஆனால் அதை ரசம் வைத்துச் சாப்பிடும் வீடுகளில் மூன்றாம் நாள் யாருக்கும் பசி காணாமல் போனதில்லை. திரிபலா மலச்சிக்கலுக்குக் கொடுப்பது. அதைச் சாப்பிட்டு உங்களுக்கு மலச்சிக்கல் வந்திருக்கிறது. ஒரு மூலிகைக் கேப்சூல் இவ்வளவு வேகமாக வேலை செய்தால், அதைப் பார்த்துத்தான் பயப்பட வேண்டும்.

நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தங்க நிற மூடி, ஓரம் உரிந்த ஸ்டிக்கர். ‘தயாரித்த நாளிலிருந்து 24 மாதம்’ என்று போட்டிருக்கிறது, தயாரித்த நாள் எங்கேயும் இல்லை. பேட்ச் எண் இல்லை. உணவுப் பொருள் என்றால் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் 14 இலக்க எண் இருக்க வேண்டும், சித்த ஆயுர்வேத மருந்து என்றால் தயாரிப்பு உரிம எண் இருக்க வேண்டும். இரண்டும் இல்லை. யார் செய்தார்கள் என்றே தெரியாத பொருளை நீங்கள் ஒரு ஊறுகாயாகக்கூட வாங்கியிருக்க மாட்டீர்கள். மருந்துகளின் பக்கவிளைவுகளைப் பதிவு செய்ய அரசின் இலவச எண் ஒன்று உண்டு: 1800-180-3024. டப்பாவைப் பத்திரமாக வைக்கச் சொன்னது டாக்டருக்காகவும் இதற்காகவும்தான்.

அடுத்தது, நல்ல மாத்திரை கேட்டீர்கள். பசியை அடக்கும் மாத்திரைகளின் ஜாதகமே அவ்வளவு சுகமில்லை. ஃபென்ஃப்ளூரமின் இதய வால்வைக் கெடுத்து 1997-இல் போனது. ரிமோனபாண்ட் மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் கொண்டுவந்து 2008-இல் ஐரோப்பாவில் நின்றது, மறு வருஷம் இங்கே தடையானது. மருந்துக்கடையில் கிடைக்கும் ஆர்லிஸ்டாட் பசியைத் தொடுவதே இல்லை. தின்ற கொழுப்பில் ஒரு பகுதியைச் செரிக்கவிடாமல் வெளியே அனுப்பும், எண்ணெய் எண்ணெயாக. வகுப்பில் நின்று பாடம் எடுப்பவருக்கு அந்தச் சங்கடம் வேண்டாம்.

இப்போது எல்லோரும் பேசுவது செமாக்ளூடைடு, டிர்செபடைடு ஊசிகள். எடை குறைக்கவென்றே 2025-இல் இவை இந்தியாவுக்கு வந்தன. இவை நிஜமாகவே வேலை செய்கின்றன, அதை மறைக்க மாட்டேன். 1,961 பேரை வைத்து நடந்த செமாக்ளூடைடு ஆய்வில் 68 வாரத்தில் சராசரியாக உடல் எடையில் 14.9 சதவீதம் குறைந்தது, வெறும் ஊசி போட்டவர்களுக்கு 2.4 சதவீதம். ஆனால் நிறுத்திய ஒரு வருஷத்தில் குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்துவிட்டது. குமட்டல், வாந்தி, மலச்சிக்கல் உண்டு. கொழுப்போடு தசையும் கரையும். குழந்தை பெறும் எண்ணம் இருந்தால் கூடாது. குடும்பத்தில் ஒருவகைத் தைராய்டு புற்றுநோய் இருந்தாலும் கூடாது. உங்கள் உயரத்துக்கும் பழைய எடைக்கும் பிஎம்ஐ, அதாவது உயரத்தை வைத்து எடையை மதிப்பிடும் கணக்கு, 30-ஐ ஒட்டி வருகிறது. ஆசியர்களுக்கு 25-க்கு மேலே போனாலே உடல்பருமன் என்பதால், நீங்கள் எடை குறைய வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. சர்க்கரையோ பிரஷரோ சேர்ந்திருந்தால் டாக்டரே இந்த ஊசியைப் பற்றிப் பேசக்கூடும். அது அவர் உங்களைப் பார்த்து முடிவு செய்ய வேண்டியது.

உங்களுக்கு அது இப்போது வேண்டாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. காரணம், நீங்கள் எழுதிய உங்கள் ஒரு நாள்.

காலை நாலே முக்காலுக்கு எழுந்து காபி. சமையல், மூன்று டிபன் பாக்ஸ். ஏழரைக்கு நின்றுகொண்டே இரண்டு இட்லி, அதுவும் பஸ் தவறும் என்றால் ஒன்று. மதியம் எலுமிச்சைச் சாதம், தொட்டுக்கொள்ள ஊறுகாய். சாயங்காலம் ஐந்தரைக்கு வீட்டுக்கு வந்து காபியும் ஒரு பிடி மிக்சரும். அப்புறம் பிள்ளைகளின் பாடம், மாமியாருக்கு மாத்திரை, துணி மடிப்பது. எல்லோரும் சாப்பிட்டு எழுந்தபின் ஒன்பதரைக்கு நீங்கள் தட்டின் முன் உட்காருகிறீர்கள், கையில் சட்டி. சின்னவன் வைத்த மீதி, அடியில் ஒட்டிய சோறு, ‘வீணாகப் போகுதே’ என்று கொஞ்சம் குழம்பு.

இதில் பேராசை எங்கே இருக்கிறது? பதினேழு மணி நேரம் அரைகுறையாகச் சாப்பிட்ட உடம்பு, கிடைத்த இடத்தில் வசூல் செய்கிறது. வயிறு காலியாக இருந்தால் கிரெலின் என்ற ஹார்மோன் ஏறி ‘போடு, போடு’ என்று மூளையைத் தட்டும். எடை குறைத்தவர்களுக்கு அது ஒரு வருஷத்துக்குப் பிறகும் உயர்ந்தே இருந்ததாக 2011-இல் வந்த ஓர் ஆய்வு சொல்கிறது. அதனால் கேப்சூலை நிறுத்தியதும் பசி முன்னைவிட ஓங்கி அடிப்பதாகத் தோன்றினால் பயப்படாதீர்கள், ஒன்றிரண்டு கிலோ ஏறினால் அழவும் வேண்டாம். நாலரைக் கிலோவில் கொஞ்சம் வெறும் தண்ணீர்தான்.

அந்தக் கேப்சூல் செய்தது என்ன? காலைப் பசியையும் மதியப் பசியையும் கொன்றது. அந்த இரண்டு பசியும் உங்களுக்கு வேண்டிய பசி.

உங்கள் சாப்பாட்டில் பருப்பு, முட்டை வகை பகலில் எங்கேயும் காணோம். காலையில் இட்லியோடு ஓர் அவித்த முட்டை, முட்டை ஆகாது என்றால் கெட்டியாக ஒரு கிண்ணம் சாம்பார். மதியச் சாதத்தைக் கொஞ்சம் குறைத்து, அந்த இடத்தில் சுண்டலோ பயறோ ஒரு டப்பா. முக்கியமானது சாயங்காலம். மிக்சர் டப்பா இருக்கும் இடத்தில் முந்தின இரவே ஊறவைத்த கொண்டைக்கடலை இருக்கட்டும். அதையும் மோரையும் வயிற்றுக்குக் கொடுத்துவிட்டால், ஒன்பதரை மணிக்கு வருகிற பெண்மணி வேறு ஆளாக இருப்பார்.

ஒன்பதரை ஏன்? பிள்ளைகளோடு எட்டு மணிக்கு உட்காருங்கள். மாமியார் ஏதாவது சொன்னால் டாக்டர் சொன்னார் என்று என் தலையில் போடுங்கள்.

சோற்றை ஒரே ஒரு தடவை அளந்து பாருங்கள். நூறு கிராம் அரிசியில் சுமார் 350 கலோரி. வெந்தால் முந்நூறு கிராமுக்குக் கிட்டத்தட்ட வரும். நீங்கள் போட்டுக்கொள்வது எத்தனை கரண்டி, அது எவ்வளவு எடை என்று சமையலறைத் தராசில் ஒரு நாள் தெரிந்துகொண்டால் போதும், தினமும் நிறுக்க வேண்டாம். பொரியலை முதலில் தட்டில் போடுங்கள், பாதித் தட்டுக்கு. மிச்சம் இருக்கும் இடத்தில் சோறு.

சட்டியில் மிஞ்சுகிற சோற்றுக்கு நம் ஊரிலேயே வழி இருக்கிறது. எல்லோரும் போட்டுக்கொண்டதும், நீங்கள் சாப்பிட உட்காருவதற்கு முன்னாலேயே, மீதிச் சோற்றில் தண்ணீரை ஊற்றிவிடுங்கள். ஊற்றியாகிவிட்டால் அது நாளைக் காலைச் சாப்பாடு. ராத்திரி பத்து மணிக்கு அதில் யாரும் குழம்பு ஊற்ற மாட்டார்கள். வீணாகிறதே என்ற உறுத்தலும் இல்லை. காலையில் மோரும் சின்ன வெங்காயமும் போட்டு அளவாக எடுத்துக்கொள்ளலாம். சின்னவன் தட்டில் மீதி வைத்தால்? அவனுக்கு முதலில் பாதி போடுங்கள், கேட்டால் மறுபடி.

இதையெல்லாம் செய்தும் இரவில் கட்டுப்படாமல், யாருக்கும் தெரியாமல் மளமளவென்று சாப்பிட்டுவிட்டு அப்புறம் உங்கள் மேலேயே அருவருப்பு வருகிறது என்றால், அது வேறு பிரச்சினை. அதற்குச் சிகிச்சை உண்டு. டாக்டரிடம் கூச்சப்படாமல் அந்த வார்த்தைகளிலேயே சொல்லுங்கள்.

கடைசியாக அண்ணி. அவர் உங்களை ஏமாற்றுவதாக நான் நினைக்கவில்லை. ஏமாற்றுகிறவர் அதைத் தானும் சாப்பிட மாட்டார். ‘எனக்கு ஒத்துக்கலை அண்ணி, படபடப்பா இருக்கு, டாக்டர் நிறுத்தச் சொல்லிட்டார்’ என்று சொன்னால் போதும். கொடுத்த பணத்தைக் கேட்க வேண்டாம். எனக்கு உங்களைவிட அவரைப் பற்றித்தான் கவலை. ஏற்கெனவே பிரஷர் உள்ளவர், ‘ஒன்றும் ஆகவில்லை’ என்கிறாரே, கடைசியாக எப்போது பிரஷர் பார்த்தார் என்று கேளுங்கள். டாக்டரிடம் போகும்போது அவரையும் அழைத்துக்கொண்டு போங்கள். ஒரே ஆட்டோவில் போய் வந்துவிடலாம்.