எங்கள் ஊர் நிருபர் சங்கத்துக்குப் பதிவு எண் ஏன் இருந்ததில்லை?

மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத் தமிழ் நிருபர்கள் ‘சங்கம்’ என்று சொல்லிக்கொண்டார்களே, அது ஏன் பதிவாகவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். ஆள் போதவில்லை, அவ்வளவுதான். 1966ஆம் ஆண்டுச் சங்கங்கள் சட்டப்படி குறைந்தது ஏழு பேர் வேண்டும். என் மாமா எழுதிய காலத்தில் இருந்தவர்கள் நால்வர். தொழிற்சங்கமாகலாம் என்றால் அதற்கு முதலாளி வேண்டும். இவர்களுக்கோ அச்சில் வந்த செய்திக்கு மட்டும்தான் கூலி.

மாமா ரப்பர் தோட்டத்துக் கிராணி, அதாவது கணக்கர். விடியற்காலையில், வேலையாட்கள் கூடும் பிரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடுவார். மாலையில் ஒட்டுக்கடை மேசையில் கார்பன் தாள் வைத்துக் கோயில் திருவிழா, லயத்து (தொழிலாளர் வரிசை வீடுகள்) தண்ணீர்த் தகராறு என்று எழுதி, உறையைக் கோலாலம்பூர் பஸ் ஓட்டுநரிடம் கொடுத்துவிடுவார். நிர்வாகத்தைக் குறைகூறும் செய்தியில் மட்டும் அவர் பெயர் இராது. குடியிருந்த வீடும் தோட்டத்துடையது அல்லவா!

1948 ஜூன் 16 அன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் மூவர் கொல்லப்பட்டு, கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான மலாயா அவசரகாலத்துக்கு வித்திட்ட வட்டாரம் இது. ஆனாலும் மாமாவுக்குத் தண்ணீர்க் குழாய்தான் பெரிய செய்தி.

சங்கத்தின் சொத்து ஒரு மைலோ டின் சில்லறை. யாராவது இறந்தால் மாலை வாங்க. 1924இல் பிறந்த ‘தமிழ் நேசன்’ நாளிதழ் 2019 ஜனவரியில் நின்றபோது, கடைசி இதழையும் அந்தச் சில்லறையில்தான் வாங்கினார்கள்.