‘ஆஸ்க்ட் மீ வேர் வாஸ் மை பேக்’ ஏன் தவறு?

கேள்வி: மகன் தொடக்கநிலை 5-இல் படிக்கிறான். ஆங்கிலத் தாளில் வாக்கியங்களை மாற்றி எழுதும் பகுதியில்தான் மதிப்பெண் போகிறது. ஆசிரியர் “வேர் இஸ் யுவர் பேக்?” என்று கேட்டதை, “ஷி ஆஸ்க்ட் மீ வேர் வாஸ் மை பேக்” என்று எழுதினான்; தவறு என்று அடித்துவிட்டார்கள். நவுன் கிளாஸ் படிக்கச் சொல்கிறார்கள். இஃப், வெதர், வென், தட் எல்லாம் எங்கள் இருவருக்குமே குழப்பம். வீட்டில் எப்படிச் சொல்லிக்கொடுப்பது? – ஒரு தாயார், யீஷூன்

பதில்: நவுன் கிளாஸ் என்பது பெயர்ச்சொல் உட்காரும் இடத்தில் வந்து உட்காரும் ஒரு முழு வாக்கியம், அவ்வளவுதான். “ஐ நோ த ஆன்சர்” என்பதில் ‘த ஆன்சர்’ இருந்த இடத்தில் ‘வேர் ஹி லிவ்ஸ்’ வந்தால் அது நவுன் கிளாஸ். சந்தேகம் வந்தால் அந்தப் பகுதியை எடுத்துவிட்டு ‘சம்திங்’ போட்டுப் பாருங்கள். “ஐ நோ சம்திங்” சரியாக நிற்கிறதா? அப்படியானால் நவுன் கிளாஸ்தான்.

மகன் செய்த தவறு தமிழ்ப் பிள்ளைகளுக்கு எளிதில் வருவது. “பை எங்கே இருக்கிறது?” என்ற கேள்வியைத் தமிழில் ஓர் எழுத்துகூட மாற்றாமல், பின்னால் ‘என்று கேட்டார்’ சேர்த்துவிடலாம். ஆங்கிலத்தில் அது நடக்காது. ‘வேர்’ அங்கே இணைப்புச்சொல்லாகிவிடுகிறது. முன்னால் தாவி வந்திருந்த வினைச்சொல் தன் பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டும். ஆகவே “வேர் மை பேக் வாஸ்”. முதலில் எழுவாய், பிறகு வினை.

கேள்வியில் டூ, டஸ், டிட் இருந்தால் அவை மறைந்துவிடும். காலம் மட்டும் முக்கிய வினைக்குப் போகும்; ‘ஆஸ்க்ட்’ இறந்தகாலம் என்பதால் அதுவும் ஒரு படி பின்னே நகரும். “டஸ் ஹி லைக் டுரியன்?” என்பது “ஷி ஆஸ்க்ட் வெதர் ஹி லைக்ட் டுரியன்” ஆகும். “டிட் யூ ஸீ இட்?” என்றால் “வெதர் ஐ ஹேட் ஸீன் இட்”. “ஹூ புரோக் த கப்?” போன்றவற்றில் மட்டும் வரிசை மாறாது; ‘ஹூ’ என்பதே எழுவாய். காலம்தான் மாறும்: “ஹூ ஹேட் புரோக்கன் த கப்”. கடைசியில் கேள்விக்குறி வேண்டாம், முற்றுப்புள்ளி போதும். ஆனால் “டூ யூ நோ வேர் ஹி லிவ்ஸ்?” என்பதில் வெளி வாக்கியமே கேள்வி என்பதால் கேள்விக்குறி இருக்கும்.

இனி அந்த நான்கு சொற்கள். இங்கே நம் தமிழ்தான் நல்ல உரைகல். ஆங்கிலம் ஒரே சொல்லை வைத்து இரண்டு வேலை வாங்கும். தமிழ் இரண்டுக்கும் வேறு வேறு உருவம் தரும். ‘வென்’ என்பதைத் தமிழாக்கும்போது ‘வரும்போது’ என்று வந்தால் அது அட்வெர்ப் கிளாஸ், அதாவது செயல் எப்போது நடக்கிறது என்பது போன்றவற்றைச் சொல்லும் பகுதி. ‘எப்போது வருவான் என்று’ என்று வந்தால் நவுன் கிளாஸ். இது வெறும் பெயர் வேறுபாடு அல்ல. எதிர்காலத்தைச் சொல்லும்போது “ஐ டோன்ட் நோ வென் ஹி வில் கம்” சரி. “ஐ வில் லீவ் வென் ஹி வில் கம்” தவறு, அங்கே ‘வென் ஹி கம்ஸ்’ என்றே எழுத வேண்டும்.

‘இஃப்’ என்பதும் அப்படியே. ‘மழை பெய்தால்’ என்றால் நிபந்தனை, அங்கே வெதர் நுழையக் கூடாது. ‘மழை பெய்யுமா என்று’ என்றால் நவுன் கிளாஸ், அங்கே வெதர் வரலாம். நவுன் கிளாஸில் எதைப் போடுவது என்று தெரியாவிட்டால் வெதர் போடுங்கள். வாக்கியத் தொடக்கத்திலும், ‘ஆன்’, ‘அபௌட்’ போன்ற சொற்களுக்குப் பின்னும், ‘டு கோ’ மாதிரி வரும்போதும், உடனே ‘ஆர் நாட்’ ஒட்டினாலும் வெதர்தான் வர வேண்டும். பிள்ளைகள் பேச்சில் புழங்கும் “கேன் கோ ஆர் நாட்” தேர்வுத்தாளில் “வெதர் ஷி குட் கோ” ஆக வேண்டும்.

‘தட்’ கொஞ்சம் நுட்பம். “த நியூஸ் தட் ஹி வொன்” – அவன் வென்றான் என்ற செய்தி, நவுன் கிளாஸ். “த நியூஸ் தட் ஹி பிராட்” – அவன் கொண்டுவந்த செய்தி. இது பெயர்ச்சொல்லை விவரிக்கும் அட்ஜெக்டிவ் கிளாஸ், ‘தட்’ இருக்கும் இடத்தில் ‘விச்’ போட முடியும். முதலாவதில் முடியாது.

சிங்கப்பூரில் அடிக்கடி தென்படும் இன்னொரு பிழை ‘ஆல்தோ… பட்’. மாண்டரினில் இந்த ஜோடி சரியான இலக்கணம். பேச்சு வழியே மற்றப் பிள்ளைகளுக்கும் தொற்றுகிறது. ஆங்கிலத்தில் இரண்டில் ஒன்றே போதும். தமிழிலும் ‘பெய்தாலும்’ என்ற பிறகு ‘ஆனால்’ தேவையில்லையே. ‘பிகாஸ்… ஸோ’ ஜோடிக்கும் இதே விதி.

ஆல்தோவை ‘டெஸ்பைட்’ ஆக மாற்றச் சொன்னால் கவனம். அது இணைப்புச்சொல் அல்ல, பின்னால் பெயர்ச்சொல் கேட்கும். “டெஸ்பைட் இட் வாஸ் ரெயினிங்” தவறு. “டெஸ்பைட் த ரெயின்” சரி. வாக்கியத்தையே வைக்க வேண்டுமானால் “டெஸ்பைட் த ஃபேக்ட் தட் இட் வாஸ் ரெயினிங்”.

தொடக்கநிலை 6 இறுதியில் எழுதும் பிஎஸ்எல்இ தேர்வின் ஆங்கில இரண்டாம் தாளில் இந்தப் பகுதிக்கு 5 கேள்விகள், 10 மதிப்பெண். வரிசை சரியாக இருந்தும் சில்லறைப் பிழைகளில் மதிப்பெண் நழுவும். எழுதி முடித்ததும் மகன் சரிபார்க்க வேண்டியவை: யூ, மை போன்றவை ஆளுக்கேற்ப மாறினவா, ‘யெஸ்டர்டே’ என்பது ‘த டே பிஃபோர்’ ஆனதா, ‘ஹியர்’ என்பது ‘தேர்’ ஆனதா, ‘ஆஸ்க்ட்’ பக்கத்தில் தேவையில்லாத ‘தட்’ ஒட்டியிருக்கிறதா. அந்தக் கடைசிப் பிழையை ‘ஸெட் தட்’ எழுதிப் பழகிய கை தானாகவே செய்துவிடும்.