பந்து யார் மேல பட்டது?

கேள்வி: எனக்குச் சொந்த ஊர் பல்லாவரம். இரண்டு வருடமாக அமெரிக்காவில், பிட்ஸ்பர்கில் ஐ.டி. வேலை. வயது 38. செப்டம்பர் பிறந்துவிட்டால் திங்கட்கிழமை மீட்டிங்கில் முதல் பத்து நிமிடம் இந்த ஊர் அமெரிக்கன் ஃபுட்பால் டீமான ஸ்டீலர்ஸைப் பற்றித்தான் பேச்சு. எனக்கு ஒன்றும் புரியாது. எல்லோரும் சிரித்தால் நானும் சிரிப்பேன். போன மாதம் துணிந்து, ஞாயிறு ராத்திரியே ஸ்கோரைப் படித்துக்கொண்டு போய், "என்ன அருமையா ஃபீல்டு கோல் எறிஞ்சார்!" என்றேன். அறையே அமைதி. அப்புறம் ஒருத்தர் மெதுவாக, "அது காலால உதைக்கிறது" என்றார். அன்றிலிருந்து நான் வாயைத் திறப்பதில்லை. இப்போது வியாழக்கிழமை சாயங்காலம் ஆடும் ஆபீஸ் ஃப்ளாக் ஃபுட்பால் டீமில் ஆள் குறைகிறது, வா என்கிறார்கள். "எலும்பை உடைச்சுக்கிட்டு வந்து நிக்காதீங்க" என்கிறாள் மனைவி. போகலாமா? இந்த ஆட்டத்தை உட்கார்ந்து படிக்க வேண்டுமா, இல்லை இப்படியே தலையாட்டிக் காலத்தை ஓட்டலாமா?

- பெயர் வேண்டாம், பிட்ஸ்பர்க்

பதில்: ஃபீல்டு கோலை "எறிந்த" தம்பிக்கு,

படித்துவிட்டுச் சிரித்தேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். நானும் என் கணவரும் அதே ஊரில் ஐந்து வருடம் குப்பை கொட்டியவர்கள். போன புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பக்கத்து வீட்டுப் பாட்டியின் திண்ணைக் கம்பியில் ஒரு மஞ்சள் துண்டு தொங்கியது. மழை தூற ஆரம்பித்தது. நனையப் போகிறதே என்று ஓடிப்போய் எடுத்து, அழகாக மடித்து, கதவைத் தட்டிக் கொடுத்தேன். பாட்டி முகம் வெளுத்துவிட்டது. ஆட்டம் நடந்துகொண்டிருக்கிறதாம், துண்டைக் கம்பியிலிருந்து எடுத்தால் ஸ்டீலர்ஸுக்கு ஆகாதாம்! மழையில் இறங்கித் திரும்பக் கட்டிவிட்டு வந்துதான் என்னை உள்ளே கூப்பிட்டார்.

அன்றைக்குத்தான் அந்தத் துண்டின் கதை தெரிந்தது. 1975இல் மைரன் கோப் என்கிற ரேடியோ வர்ணனையாளர், மைதானத்துக்கு வருகிறவர்கள் எல்லாம் ஒரு மஞ்சள் துண்டைக் கொண்டுவந்து சுழற்றுங்கள் என்று கிளப்பிவிட்ட பழக்கம் அது. பெயர் டெரிபிள் டவல். பிற்பாடு அதன் உரிமையை, அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களைப் பார்த்துக்கொள்ளும் ஒரு பள்ளிக்கே எழுதிக் கொடுத்துவிட்டார். அவருடைய மகன் இருந்த இடம் அது. பாட்டி இதைச் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு கப் காப்பி ஆகிவிட்டது. நான் விவரம் தெரிந்தவளாக இருந்திருந்தால் அந்தக் காப்பி கிடைத்திருக்குமா என்ன?

சரி, உங்கள் திங்கட்கிழமைக்கு வருவோம். நீங்கள் அதைப் பரீட்சையாக எடுத்துக்கொண்டு விடையோடு போயிருக்கிறீர்கள். அவர்கள் அங்கே உட்கார்ந்து செய்வது புலம்பல். மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடும் ஒரு ஆட்டத்தில் பந்து உண்மையிலேயே நகர்வது பத்துப் பன்னிரண்டு நிமிடம்தான். மீதி நேரம் கூடிப் பேசுவது, ரீப்ளே, விளம்பரம். பார்க்கிறவனுக்குப் பேசுவதைத் தவிர வேறு வேலையே கிடையாது. டெஸ்ட் மேட்ச் நடக்கும் நாளில் நம் டீக்கடை எப்படியோ அப்படி. அதிலும் ஸ்டீலர்ஸ் ஆறு சூப்பர் பவுல், அதாவது வருடாந்திர இறுதிப் போட்டி, ஜெயித்த டீம். கடைசியாக ஜெயித்தது 2009இல். பழம்பெருமையும் ஏக்கமும் சேர்ந்தால் பேச்சுக்குக் கேட்கவா வேண்டும்! முக்கால்வாசிப் பேச்சைப் பிழிந்தால் "அந்தக் கோச்சுக்கு அறிவே கிடையாது" என்பதுதான் மிஞ்சும்.

அந்தப் புலம்பல் புரிய ஒரே ஒரு விஷயம் தெரிந்தால் போதும். பந்து வைத்திருக்கும் டீமுக்கு நாலு வாய்ப்பு, அதாவது நாலு டவுன். அதற்குள் பத்து யார்டு முன்னேறினால் மறுபடி புதிதாக நாலு. முதல் மூன்றில் முடியவில்லை என்றால் நாலாவதில்தான் சிக்கலே. துணிந்து இன்னொரு முறை ஆடிப் பார்க்கலாம். தவறினால் பந்து அந்த இடத்திலேயே எதிராளி கைக்குப் போய்விடும். கோல் கம்பம் பக்கமாக இருந்தால் உதைத்து மூன்று புள்ளி வாங்கலாம். நீங்கள் எறிந்தது அதைத்தான். தூரமாக இருந்தால், பன்ட் என்று பந்தை முடிந்த மட்டும் தள்ளி உதைத்துவிட்டு, அங்கிருந்து வா பார்க்கலாம் என்று நிற்கலாம். பந்தோடு எதிராளியின் கடைசிக் கோட்டைத் தாண்டினால் டச்டவுன், அதற்கு ஆறு புள்ளி, அதன்பின் உதைத்தால் இன்னொன்று. ஆபீஸ் சண்டையில் பாதி இந்த நாலாவது டவுனிலிருந்து கிளம்புவது. அடுத்த திங்கட்கிழமை ஸ்கோரைத் தொடாதீர்கள். "நாலாவது டவுன்ல ஏன் உதைச்சாங்க, ஆடிப் பார்த்திருக்கலாமே?" என்று மட்டும் கேளுங்கள். அப்புறம் நீங்கள் பேசவே வேண்டியிருக்காது.

உங்கள் டீமில் அறுபதைத் தாண்டியவர், அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர், யாராவது இருந்தால் அவருக்கென்று தனியாக ஒரு கேள்வி இருக்கிறது: "பந்து யார் மேல பட்டது?" மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், காலையில் கேட்டால் மீட்டிங் நடக்காது.

1972 டிசம்பர் 23. ஓக்லண்ட் ரெய்டர்ஸோடு பிளேஆஃப், தோற்றால் வெளியே போகவேண்டிய ஆட்டம். 7-6 என்று ஸ்டீலர்ஸ் பின்தங்கி இருக்கிறது, மீதி 22 விநாடி, அதே நாலாவது டவுன். ஸ்டீலர்ஸின் டெர்ரி பிராட்ஷா எறிந்த பந்து, அவர் அணியின் ஃப்யூக்வாவும் எதிரணி டேட்டமும் மோதிக்கொண்ட இடத்தில் பட்டுத் தெறித்துப் பின்னால் வருகிறது. இன்னொரு ஸ்டீலர்ஸ் ஆட்டக்காரர் ஃப்ராங்கோ ஹாரிஸ் அதைத் தரையை ஒட்டி, ஷூ உயரத்தில் அள்ளிக்கொண்டு ஓடியே போய் டச்டவுன் போட்டுவிட்டார். 13-7. சண்டை எங்கே என்றால், அந்தக் காலத்து விதிப்படி பந்து ஃப்யூக்வா மேல் மட்டும் பட்டிருந்தால் ஹாரிஸ் பிடித்தது செல்லாது. டேட்டம் மேல் பட்டிருந்தால் செல்லும். ஐம்பது வருடம் தாண்டியும் தீராத வழக்கு. பிட்ஸ்பர்க் விமான நிலையத்தில் ஜார்ஜ் வாஷிங்டன் சிலைக்குப் பக்கத்தில் குனிந்து பந்து பிடிக்கிற ஒருத்தர் சிலையைப் பார்த்திருப்பீர்களே, அவர்தான் ஹாரிஸ்.

இதே ஜாதி வழக்கு நம்மிடமும் ஒன்று உண்டு. 1986 செப்டம்பர், சேப்பாக்கம், ஆஸ்திரேலியாவோடு டெஸ்ட். ஜெயிக்க ஒரு ரன், கையில் ஒரு விக்கெட். மணீந்தர் சிங்குக்கு எல்.பி.டபிள்யூ. கொடுத்துவிட்டார் அம்பயர். ஆட்டம் டை. பந்து முதலில் பேட்டில்தான் பட்டது என்று மணீந்தர் பிற்பாடும் சொல்லிக்கொண்டிருந்தார். பெரியவர் தன் வழக்கைச் சொல்லி முடித்ததும் நீங்கள் இதை எடுத்துவிடுங்கள். முதல் மாதத்தில் நீங்கள் கிரிக்கெட்டை இழுக்கலாம் என்றால் இந்த ஒரு இடத்தில்தான். மற்றபடி "எங்க ஊர்ல ஃபுட்பால்னா காலால ஆடுறது" என்கிற பழைய ஜோக் வேண்டவே வேண்டாம். அவர்கள் அதை ஆயிரம் தடவை கேட்டிருப்பார்கள்.

அடுத்து வியாழக்கிழமை. உங்கள் மனைவி பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. ஸ்டீலர்ஸின் பழைய ஆட்டக்காரர் மைக் வெப்ஸ்டர் 2002இல் இறந்தபோது, அந்த ஊரிலேயே பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர் பென்னட் ஒமாலு, வருடக்கணக்காகத் தலையில் வாங்கிய அடி மூளையை என்ன செய்திருக்கிறது என்று கண்டுபிடித்து 2005இல் எழுதினார். ஆனால் அது ஆளை ஆள் மோதிச் சாய்க்கிற ஆட்டம். ஃப்ளாக் ஃபுட்பாலில் யாரையும் தள்ளிச் சாய்ப்பது கிடையாது. இடுப்பில் இரண்டு பக்கமும் நாடா தொங்கும், எதிராளி அதை உருவிவிட்டால் ஆட்டம் அங்கேயே நிற்கும். இதை மனைவியிடம் சொல்லுங்கள், முடிந்தால் ஒரு வாரம் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள். 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் கிரிக்கெட்டோடு இதுவும் இருக்கிறது.

எலும்பைவிட எனக்கு உங்கள் முழங்கால்தான் கவலை. நாள் முழுக்க நாற்காலியில் இருந்துவிட்டு நேராகப் போய்ச் சட்டென்று திரும்பி ஓடினால் 38 வயது கால் மன்னிக்காது. பத்து நிமிடம் முன்னாலேயே போய் மெதுவாக ஓடிக் காலைச் சூடுபண்ணிக்கொள்ளுங்கள், புல்லில் வழுக்காத ஷூ வாங்குங்கள். புதிதாக வருகிறவரை அநேகமாக சென்டரில் நிறுத்துவார்கள். குனிந்து பந்தைப் பின்னால் கொடுத்துவிட்டு ஓடவேண்டியதுதான், பயப்பட ஒன்றுமில்லை. பந்து பிடிக்கும்போது மட்டும் உங்கள் பல்லாவரம் கை உதவும். ரப்பர் பந்துக்குக் கையைப் பந்தோடு பின்னால் வாங்குவீர்களே, இந்த முட்டைப் பந்துக்கும் அதேதான். நெஞ்சுக்கு மேல் வந்தால் கட்டைவிரல்கள் உள்ளே, இடுப்புக்குக் கீழே வந்தால் சுண்டுவிரல்கள் உள்ளே. ஒரே ஒரு கேட்ச் ஒழுங்காகப் பிடியுங்கள், ஃபீல்டு கோல் கதையை அவர்களே கிண்டலாகச் சொல்லிச் சிரிப்பார்கள், நீங்களும் சேர்ந்து சிரிப்பீர்கள்.

தலையாட்டலைப் பற்றிக் கேட்டீர்கள். புரியாமல் தலையாட்டுவது பாவம் ஒன்றும் இல்லை, நானும் கல்யாண வீடுகளில் ஆட்டுகிறேன். ஆனால் வருடத்துக்கு நாலைந்து மாதம் வாராவாரம் ஆட்டினால் கழுத்து வலிக்கும். ஆளுக்கொரு கற்பனை டீம் வைத்து ஆடும் ஃபேன்டஸி லீக்குக்குப் பணம் கட்டு என்று கேட்டால், ஆசை இருந்தால் கட்டுங்கள், இல்லையென்றால் அடுத்த வருடம் பார்க்கலாம் என்று சொல்லிவிடுங்கள், யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள். இன்னொன்று, ஸ்டேடியத்தின் பெயரை 2022இல் அக்ரிஷர் என்று மாற்றிவிட்டார்கள். ஊர்க்காரர் பலருக்கு அது இன்னும் ஹெயின்ஸ் ஃபீல்டுதான், நமக்கு மவுண்ட் ரோடு மாதிரி. நீங்களும் அப்படியே சொல்லுங்கள்.

அந்தப் பெரியவர், பந்து டேட்டம் மேல்தான் பட்டது என்று சத்தியம் செய்வார் என நினைக்கிறேன். என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.