எல்லாவற்றுக்கும் ‘சரி’ என்கிறான்

கேள்வி: நான் திண்டுக்கல் மாவட்டத்தில் வசிக்கிறேன். அரசின் வளர்ப்புப் பராமரிப்புத் திட்டத்தில் 6 ஆண்டுகளாக ஒரு பையனை வளர்த்துவருகிறேன். பிறந்த வீட்டில் தெலுங்கு பேசியவன். 8 வயதில் குழந்தைகள் இல்லத்துக்குப் போனான். 12 வயதில் என்னிடம் வந்தான். என்னைப் பெரியம்மா என்றுதான் கூப்பிடுவான். இன்னும் 3 மாதத்தில் 18 வயது முடிகிறது. கிரிக்கெட் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டான். ஆனால் ஹார்டுவேர் கடை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்த நான்காம் நாளே முதலாளி அனுப்பிவிட்டார். “எதைச் சொன்னாலும் சரி என்கிறான், பாதியைத்தான் செய்கிறான், திட்டினால் சிரிக்கிறான்” என்கிறார். இது திமிரா, மந்தமா, இரண்டு மொழி கலந்த குழப்பமா? இவன் தனியாக எப்படிப் பிழைப்பான்?

பதில்: முதலில் அந்தச் சிரிப்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், அம்மா. பேச்சு மொழி சிகிச்சையாளராக நான் பார்க்கும் இல்லத்துப் பிள்ளைகளில் பலருக்கு இந்தச் சிரிப்பு உண்டு. ‘புரியவில்லை’ என்று சொன்னால் திட்டும் கேலியும்தான் மிஞ்சும் என்று சிறு வயதிலேயே கற்றுக்கொண்டவர்கள் இவர்கள். ‘சரி’ என்று சொன்னால் எதிரில் நிற்பவர் நகர்ந்துவிடுவார். சிரித்துவைத்தால் கோபம் தணியலாம். அந்தச் சிரிப்பில் திமிர் இல்லை, பயம்தான் இருக்கிறது.

அடுத்து, முதலாளி சொன்னது என்ன என்று பார்ப்போம். கடையில் வேலை ஏவுவது பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: “கீழே போய், நேற்று வந்த லோடில் அரை இஞ்ச் எல்போ இருபது எடுத்து, பில் போடுவதற்கு முன்னால் எண்ணிப் பார்த்து, அண்ணனிடம் கொடுத்துவிட்டு வா.” ஒரே மூச்சில் ஐந்து வேலைகள். போய், எடுத்து, பார்த்து என்று வினையெச்சங்களைக் கோத்துக்கொண்டே போவது தமிழுக்கு இயல்பு. முற்று கடைசியில்தான் வரும். இடையில் ‘நேற்று வந்த லோடு’ என்று ஒரு பெயரெச்சம். ‘பில் போடுவதற்கு முன்னால்’ என்பதோ பின்னால் நடப்பதை முன்னால் சொல்கிறது. மொழியைப் பிடித்துவைக்கச் சிரமப்படும் பையனுக்கு மனதில் தங்குவது கடைசிச் சொல் மட்டுமே. ‘வா’ என்றார், வந்துவிட்டான். திட்டு விழுகிறது.

கிரிக்கெட் பேச்சை வைத்து முடிவு செய்யாதீர்கள். பழகிய விஷயத்தில் பழகிய சொற்கள் தாமாக வரும். பஸ்ஸில் நடந்த ஒரு தகராறை, அங்கே இல்லாத உங்களுக்குப் புரியும்படி சொல்லச் சொல்லுங்கள். யார், எங்கே, எதனால், பிறகு என்ன என்று வரிசையாக வருகிறதா, ‘அவன் வந்தான், இவன் சொன்னான், அப்புறம் அவன்’ என்று ஆளே தெரியாமல் கலைகிறதா என்று கவனியுங்கள்.

செவித்திறனும் அறிவுத்திறனும் இருந்தும் மொழி மட்டும் வயதுக்கேற்ப வளராமல் போவதை வளர்ச்சிசார் மொழிக் குறைபாடு என்கிறோம். இங்கிலாந்தில் நடந்த பெரிய கணக்கெடுப்பில் சுமார் 7.5 சதவீதக் குழந்தைகளுக்கு இது இருந்தது. அதாவது வீட்டில் வளரும் பிள்ளைகளுக்கும் வரும். இல்லத்தில் வளர்ந்தவர்களுக்கு இன்னொரு இழப்பும் சேர்ந்துகொள்கிறது. எழுந்திரு, குளி, வரிசையில் நில் என்ற ஏவல்தான் அங்கே காதில் விழும் பேச்சில் பெரும்பகுதி. மடியில் உட்கார்த்திக் கதை சொல்ல நாற்பது பேருக்கு ஒரு பாட்டி கிடைப்பதில்லை. ருமேனியாவின் புகாரெஸ்ட் நகரில் 2000-களின் தொடக்கத்தில் தொடங்கிய ஆய்வு, இல்லக் குழந்தைகள் 136 பேரை எடுத்துக்கொண்டு, பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்தது. 15 மாத வயதுக்குள் குடும்பத்துக்குப் போனவர்களின் மொழி சொந்த வீட்டில் வளரும் குழந்தைகளுக்கு நிகராக வளர்ந்தது. 2 வயதுக்குப் பிறகு போனவர்கள் வெகுவாகப் பின்தங்கினார்கள். இதைப் படித்துவிட்டு ‘தாமதமாகிவிட்டதே’ என்று கலங்க வேண்டாம். உங்கள் பையன் 8 வயதுவரை வீட்டில் இருந்தவன். மேலும், 18 வயதிலும் பயிற்சி பலன் தருகிறது.

இரண்டு மொழி கலந்ததால் குறைபாடு வராது. குறைபாடு இருந்தால் இரண்டு மொழியிலும் தெரியும். இவன் விஷயத்தில் கேட்க வேண்டியது வேறு: தெலுங்கு முழுதாக ஊன்றுவதற்குள் அது பறிபோனதா, தமிழ் அந்த இடத்தை நிரப்பியதா? பரிசோதிப்பவரிடம் இந்த வரலாற்றைச் சொல்லுங்கள். யாரிடமாவது இன்னும் தெலுங்கு பேசுகிறானா என்பதையும் சொல்லுங்கள்.

முதல் வேலை காது. சிறுவயதில் காதில் சீழ் வடிந்ததா என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் செவித்திறன் பரிசோதனை செய்துவிடுங்கள். அதன்பின் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்ற பேச்சு மொழி சிகிச்சையாளரைப் பாருங்கள். யாராவது அவசரமாக ஐ.க்யூ. சோதனை மட்டும் வைத்து ‘அறிவுசார் குறைபாடு’ என்று எழுதிக்கொடுத்தால் ஏற்காதீர்கள். வாய்ச்சொல்லால் கேட்கும் சோதனையில் மொழிச் சிரமம் உள்ளவன் குறைவாகத்தான் எடுப்பான். படங்களையும் வடிவங்களையும் கொண்டு செய்யும் சோதனையையும் கேளுங்கள்.

சான்றிதழ் விஷயத்தில் ஒரு சிக்கல் உண்டு. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 பட்டியலிடும் 21 வகைகளில் ‘பேச்சு மற்றும் மொழிக் குறைபாடு’ இருக்கிறது. ஆனால் குரல்வளை அகற்றம், பக்கவாதத்தால் பேச்சிழப்பு போன்ற உடற்கூறு, நரம்புக் காரணங்களையே அது பேசுகிறது. ‘குறிப்பிட்ட கற்றல் குறைபாடு’ என்ற வகையின் விளக்கத்திலோ பேச்சிலும் எழுத்திலும் மொழியைக் கையாளும் சிரமமும் வருகிறது. சான்றிதழ் தேவைப்பட்டால் அந்தக் கதவைத் தட்டிப் பாருங்கள்.

பணம்: இளைஞர் நீதிச் சட்டம் 2015-இல் 18 முதல் 21 வயதுவரை பிற்காப்பு உதவி, அதாவது இல்லத்தை விட்டு வந்தவர் சொந்தக் காலில் நிற்கத் தரும் உதவி, உண்டு. மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா என்ற குழந்தைகள் நலத் திட்டத்தில் அது மாதம் 4,000 ரூபாய். சட்டத்தின் வாசகம் ‘நிறுவனப் பராமரிப்பிலிருந்து வெளியேறியவர்’ என்று இருப்பதால், அவன் 4 ஆண்டுகள் இல்லத்தில் இருந்ததை விண்ணப்பத்தில் குறிப்பிடுங்கள். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிடம் இப்போதே போங்கள், பிறந்தநாள் கழியும்வரை காத்திருக்காதீர்கள். அவனுக்கென்று அவர்கள் எழுதிவைக்கும் தனிநபர் பராமரிப்புத் திட்டத்தில் மொழிப் பயிற்சியையும் சேர்க்கச் சொல்லுங்கள்.

வீட்டில் ‘புரிந்ததா?’ என்று கேட்பதை இன்றோடு விட்டுவிடுங்கள். அதற்கு வரும் பதில் ‘சரி’தான். ‘இப்போது முதலில் என்ன செய்யப் போகிறாய்?’ என்று கேளுங்கள். ஒரு வாக்கியம், ஒரு வேலை. அவனுக்குக் கடையில் சொல்ல ஒரு வரி கற்றுக்கொடுங்கள்: “அண்ணே, ஒரு தடவை திரும்பச் சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறேன்.” எழுதச் சிரமப்பட்டால் கைபேசியில் பதிவு செய்துகொள்ளட்டும். இந்த வரி தயக்கமில்லாமல் வாயில் வர இருபது முறையாவது நடித்துப் பார்க்க வேண்டும். நீங்கள்தான் முதலாளி, கொஞ்சம் கடுகடுப்பாகவே நடியுங்கள்.

பேச்சு வந்தாலும் படிவம் மிரட்டும். ‘மேற்படி’, ‘கீழ்க்கண்டவாறு’, ‘இதன்மூலம் உறுதியளிக்கிறேன்’ என்பதெல்லாம் யாரும் வீட்டில் பேசாத தமிழ். வங்கிப் படிவம் ஒன்றை வாங்கிவந்து வரிவரியாகப் பேச்சுத் தமிழில் மாற்றிக் காட்டுங்கள்.

கடைசியாக, மொழிப் பாடத்தில் அடங்காத ஒன்று. வேலைக்குப் போகும் இடத்தில் எல்லாம் முதல் கேள்வி “அப்பா என்ன செய்கிறார்?” என்பதுதான். வீட்டில் வளரும் பிள்ளைக்கு அவன் கதையை அத்தை, மாமா, பாட்டி என்று பத்துப் பேர் சொல்லிச் சொல்லிப் பழக்கியிருப்பார்கள். இவனுக்கு அதைச் சொன்னவர் இல்லை. கோப்பில் மட்டும் இருக்கிறது. அங்கே அவன் வாயடைத்து நிற்பது சொல் தெரியாததால் மட்டுமல்ல. இருவரும் உட்கார்ந்து மூன்று வாக்கியம் தயார் செய்யுங்கள். எதைச் சொல்வது, எதை விடுவது என்பதை அவனே முடிவு செய்யட்டும். என்னிடம் வந்த ஒரு பெண் இரண்டு வாரம் யோசித்து, “நான் பெரியம்மா வீட்டில் வளர்ந்தேன், பிளஸ் டூ முடித்திருக்கிறேன், எனக்குத் தையல் வரும்” என்று வைத்துக்கொண்டாள். அடுத்த நேர்காணலில் அப்பாவைப் பற்றிக் கேட்டபோது அதைத்தான் சொன்னாள். அவர்கள் தையலைப் பற்றிக் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.