கேள்வி-பதில்: ‘முதல் பதிப்பு’ என்று சொல்லி விற்றால்?

கே: அக்கா, பிரிட்டிஷ் பாடகி கேட் புஷ்ஷின் ‘த ட்ரீமிங்’ இசைத்தட்டை இணையத்தில் ஒரு தனிநபரிடம் வாங்கினேன். “1982 முதல் பதிப்பு” என்று எழுதி 95 சிங்கப்பூர் வெள்ளி வாங்கினார். தட்டு நேற்று அச்சடித்தது போல இருக்கிறது. கேட்டால், “விற்றது விற்றதுதான்” என்கிறார். (உட்லண்ட்ஸ்)

ப: படித்ததும் மனம் கொதித்தது. தட்டின் நடுவில் ஒட்டியிருக்கும் லேபிளைப் பாருங்கள். 1982இல் அதை வெளியிட்டது இஎம்ஐ. ‘ஃபிஷ் பீப்பிள்’ என்றிருந்தால் சந்தேகமே வேண்டாம், மறுபதிப்புதான். கேட் புஷ் அந்த நிறுவனத்தைத் தொடங்கியதே 2011இல்தான். விற்றவர் வியாபாரி இல்லை என்பதால், குறையுள்ள பொருளுக்குக் கடைக்காரரைப் பொறுப்பாக்கும் ‘லெமன்’ சட்டம் உதவாது. ஆனால் பொய் விவரம் சொல்லி விற்றதற்குச் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்துக்குப் போகலாம். 5,000 வெள்ளி வரையிலான கோரிக்கைக்குக் கட்டணம் 10 வெள்ளி. வக்கீல் தேவையில்லை, அங்கே வக்கீலுக்கு அனுமதியும் இல்லை. அவர் விளம்பரத்தை அழிப்பதற்குள் இன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள்.

கே: வெளிநாட்டுக் கடையில் 60 வெள்ளித் தட்டுக்கு 9% ஜிஎஸ்டி சேர்க்கிறார்கள். சரியா? (ஈசூன்)

ப: சரிதான். 400 வெள்ளிக்கு உட்பட்ட இறக்குமதிப் பொருளுக்கும் 2023 முதல் வரி உண்டு.

கே: ‘ரன்னிங் அப் தட் ஹில்’ பிடித்துப்போய், அதே பாடகியின் ‘த ட்ரீமிங்’ வாங்கினேன். ஒரே கத்தல், கடைசியில் கழுதைக் குரல். கடையில் திருப்பி எடுப்பார்களா? (ஜூரோங் வெஸ்ட்)

ப: மனம் மாறியதற்கெல்லாம் கடை திருப்பி எடுக்க வேண்டியதில்லை. நீங்கள் கேட்ட பாட்டு 1985இல் வந்த வேறு ஆல்பத்தில் இருக்கிறது. வாங்குவதற்கு முன் பத்து நிமிடம் போனில் கேட்டிருக்கக் கூடாதா? ‘த ட்ரீமிங்’ நாடகம் மாதிரி. ஒரு பாட்டில் கொள்ளைக்காரி, இன்னொன்றில் வியட்நாம் போராளி, மற்றொன்றில் விலங்குகளிலிருந்து தப்பித்துக் காட்டும் மாயவித்தைக்காரர் ஹூடினியின் மனைவி. உறைப்படத்தில் நாக்கின் மேல் சாவி இருக்கிறதே, அது அந்த மனைவி கணவனுக்கு முத்தத்தில் ரகசியமாகக் கொடுக்கப்போகும் சாவி. அதைத் தெரிந்துகொண்டு இன்னொரு முறை கேளுங்கள்.

கே: பழைய தட்டை “புதிது போல” என்று விற்கிறார்கள். நம்பலாமா? (பிடோக்)

ப: நம்பாதீர்கள். பல வருடமாக நான் சொல்லிக்கொண்டே இருப்பது இது. பெரும்பாலானவர்கள் விளக்கடியில் தட்டைச் சாய்த்துப் பார்த்தே தரம் எழுதுகிறார்கள், ஓட்டிப் பார்ப்பதில்லை. தேய்ந்த ஊசி உள்ளே செய்த சேதம் கண்ணுக்குத் தெரியாது. தட்டு ஒரே வேகத்தில் சுற்றினாலும் உள்வளையம் சிறியது. அதனால் ஊசிக்கடியில் அங்கே தடம் மெதுவாக நகரும், ஒலி கரகரப்பதும் அங்கேதான் அதிகம். ‘த ட்ரீமிங்’கில் அந்தக் கடைசி இடத்தில் இருப்பது கழுதைக் குரல் வரும் அதே பாட்டு, உச்சக்கட்டக் கூச்சல். ஒரு கடையில் முதல் பாட்டை மட்டும் கேட்டுவிட்டு 70 வெள்ளி கொடுத்தேன். வீட்டில் கடைசிப் பாட்டு வந்ததும் குரல் கிழிந்தது. ஹூடினி பாட்டின் மெல்லிய இடங்களில் ‘டப் டப்’ என்று கீறல் சத்தம். இன்றும் அந்தத் தட்டை எடுக்க மனம் வருவதில்லை. ஒவ்வொரு பக்கத்திலும் கடைசிப் பாட்டைப் போடச் சொல்லுங்கள். மறுத்தால் வந்துவிடுங்கள்.

கே: கடையில் வாங்கிய புதுத் தட்டு வளைந்திருக்கிறது, ஊசி குதிக்கிறது. “நம் ஊர் வெக்கைக்கு அப்படித்தான், நீங்கள்தான் வெயிலில் வைத்திருப்பீர்கள்” என்கிறார்கள். வாங்கி மூன்று வாரம்தான். (தெம்பனிஸ்)

ப: ‘லெமன்’ சட்டம் உங்கள் பக்கம். மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். ஆறு மாதத்துக்குள் தெரிந்த குறை, விற்கும்போதே இருந்ததாகத்தான் கருதப்படும். நீங்கள் வெயிலில் வைத்தீர்கள் என்றால் அதை நிரூபிக்க வேண்டியது கடைக்காரர்.