மூழ்கி எழுந்த சம்பா வயலுக்கு உடனே யூரியா போடலாமா?

கேள்வி: திருத்துறைப்பூண்டி பக்கம், களிமண் வயல். சி.ஆர். 1009 சப்-1 ரக நெல் நட்டு ஒரு மாதம் ஆகிறது. மழையில் ஐந்து நாள் பயிர் மூழ்கிக் கிடந்தது. இப்போது கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கிறது, இலையெல்லாம் மஞ்சள். யூரியா போடலாமா?

பதில்: இப்போது வேண்டாம். நிற்கிற தண்ணீரில் போடும் யூரியா கரைந்து வடிகாலோடு போய்விடும். மூச்சு முட்டிக் கிடக்கும் வேரும் அதை எடுக்காது. முதலில் தண்ணீரை வடியுங்கள்.

களிமண்ணில் தண்ணீர் கீழே இறங்காது, மேலாகத்தான் வடிய வேண்டும். வயலின் தாழ்ந்த மூலையில் வரப்பை வெட்டி, அதை நோக்கி வயலுக்குள் மண்வெட்டியால் ஓர் ஆழக் கோடு இழுத்துவிடுங்கள். வெட்டும் முன் வடிகாலின் மட்டத்தைப் பார்த்துவிடுங்கள். வயலைவிட அங்கே தண்ணீர் உயரமாக நின்றால், வெட்டிய வழியாகவே எதிர்த்து ஏறிவிடும். அப்படியானால் வரப்பை உயர்த்தி அடைத்து, எஞ்சின் வைத்து இறைப்பதுதான் வழி.

வடிகாலில் ஆகாயத்தாமரையும் காட்டாமணக்கும் அடைத்திருந்தால் உங்கள் வயலோரத்தில் மட்டும் வாரிப் போட்டுப் பயனில்லை. தண்ணீர் போய்ச்சேரும் கீழ்க்கோடியிலிருந்து மேல்நோக்கி வாரிக்கொண்டு வர வேண்டும். சாலைக்கு அடியில் போகும் குழாய்களில் குப்பை சிக்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். பக்கத்து வயல்காரர்கள் சேர்ந்து இறங்கினால்தான் நடக்கும் வேலை இது. தயவுசெய்து அவர்களிடம் பேசுங்கள்.

அப்புறம், நாலைந்து இடத்தில் ஒரு குத்தைப் பிடுங்கி, வேரை அலசிப் பாருங்கள். வெள்ளை வேர் விட்டிருந்தால் பயிர் தேறிவிடும். வேர் கறுத்து, அழுகிய முட்டை வாடை அடித்தால் மண்ணில் கந்தக வாயு சேர்ந்திருக்கிறது. மண்ணில் மயிரிழை வெடிப்பு தெரியும் வரை காய விடுங்கள். அதற்கு மேல் காயவிட வேண்டாம். செத்துப்போன இடங்களில், நன்றாகத் தூர் கட்டிய, அதாவது அடியில் பக்கத் தண்டுகள் விட்ட குத்துகளைப் பிரித்து நட்டுவிடலாம். சப்-1 ரகம் இரண்டு வாரம் வரைகூட மூழ்கலைத் தாங்கும். வயதும் 150 நாளுக்கு மேல். இனியும் தூர் கட்ட நேரம் இருக்கிறது, பயப்படாதீர்கள்.

புதுத் துளிர் தெரிந்ததும் ஏக்கருக்கு 2 கிலோ யூரியா, 1 கிலோ துத்தநாக சல்பேட் இரண்டையும் 200 லிட்டர் தண்ணீரில் கரைத்து, மழை இல்லாத நாளில் இலையில் தெளியுங்கள். மண்ணில் போடுவதற்கு ஏக்கருக்கு 22 கிலோ யூரியா, 18 கிலோ ஜிப்சம், 4 கிலோ வேப்பம்புண்ணாக்கு மூன்றையும் கலந்து ஓர் இரவு வைத்திருங்கள். காலையில் 17 கிலோ பொட்டாஷ் சேர்த்து, தண்ணீர் வடிந்த வயலில் சீராக விசிறுங்கள்.

மஞ்சளைப் பார்த்துப் பதறி, அளவுக்கு மேல் யூரியா கொட்ட வேண்டாம். வெள்ளத்துக்குப் பின் பாக்டீரியா இலைக்கருகல் வர வாய்ப்பு அதிகம். இலை ஓரம் நுனியிலிருந்து வைக்கோல் நிறத்தில் காய்ந்துகொண்டு வந்தால், அது நிற்கும் வரை தழைச்சத்து தரும் யூரியாவைத் தள்ளிப் போடுங்கள். அந்த வயல் தண்ணீரை அடுத்த வயலுக்கும் விடாதீர்கள், நேராக வடிகாலில் திருப்பிவிடுங்கள்.